பழைய டிப்பர் நீலப்புகை தள்ளுது, ஆயில் குடிக்குது, எஞ்சின் இறக்கித்தான் ஆகணுமா?

சங்ககிரி_பத்துவீல்:

வணக்கம்ங்க எல்லாருக்கும். நம்மது 2008 மாடல் 10 வீல் டிப்பர், 6 சிலிண்டர் டர்போ எஞ்சின், பழைய இன்லைன் டீசல் பம்பு வண்டி, ஈசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்), சென்சார் எதுவும் கிடையாது. குவாரியில எம்சாண்ட், ஜல்லி லோடு தான் ஓட்டம், அப்பப்ப தர்மபுரி பக்கம் போகும். இப்ப கொஞ்ச நாளா 1000 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் கிட்ட ஆயில் ஊத்த வேண்டி இருக்கு, கீழ எங்கயும் ஒழுகல் இல்லைங்க, சம்ப் காஞ்சு தான் கிடக்குது.

காலையில ஸ்டார்ட் பண்ணா வெள்ளையா வந்து ரெண்டு நிமிஷத்துல நின்னுடுது. லோடிங்குக்கு வரிசையில ஐட்லிங்ல நின்னுட்டு அப்புறம் ஆக்சிலேட்டர் குடுத்தா தான் பின்னாடி நீலமா பெரிய புகை, பின்னாடி வர்றவங்க லைட் அடிக்கிற அளவுக்கு. தொப்பூர் மேட்டுல லோடோட ஏறுறப்ப கறுப்பு தான் வருது, நீலம் அவ்வளவா தெரியல. பிக்கப்பும் முன்ன மாதிரி இல்லை. ரேடியேட்டர் தண்ணி குறையவே இல்லை.

மெக்கானிக் ஆயில் மூடியை திறந்து பார்த்துட்டு பேக் கம்ப்ரஷன் (சிலிண்டர் காத்து ரிங்கை தாண்டி கீழ இறங்குறது) இருக்கு, இறக்கி லைனர் (சிலிண்டர் உள்உறை), பிஸ்டன், ரிங் மாத்திடலாம், ஒன்றரை லட்சம் கிட்ட ஆகும்னு சொல்றாரு. எஃப்சி வேற நெருங்குது. பணம் போட தயார் தான், ஆனா போட்ட பிறகும் புகை நிக்கலன்னா தாங்காதுங்க. இறக்குறதுக்கு முன்னாடி நானே எதை எதை பார்க்கலாம்?

நாமக்கல்_லைனர்:

தம்பி, நல்ல நேரத்துல கேட்டீங்க, அவசரப்பட்டு இறக்காதீங்க. ஆயில் போற வழி நாலு இருக்கு, ரிங் வழியா, வால்வு கைடு (வால்வு தண்டு ஏறி இறங்குற குழாய்) வழியா, டர்போ வழியா, பிரேக்குக்கு காத்து அடிக்கிற ஏர் கம்ப்ரஸர் வழியா. எந்த வழின்னு தெரியாம லைனர் கிட் மாத்துனா பாதி பேருக்கு புகை அப்படியே தான் இருக்கும், அந்த வண்டிங்க எல்லாம் கடைசியில என் ஷெட்டுக்கு தான் வருது, பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கும்.

முதல்ல உங்க புகையை கவனிங்க. ரிங் தேஞ்ச எஞ்சின்னா லோடுல ஏறுறப்பவும் நீலம் விடாது, எஞ்சின் உள்காத்து வெளிய போற பிரீத்தர் பைப்புல புகை ரயில் மாதிரி தள்ளும். உங்களுக்கு ஐட்லிங்ல நின்னுட்டு ஆக்சிலேட்டர் குடுக்கிறப்ப தான் மேகம் வருது, அது டர்போ பக்கமோ கைடு பக்கமோ கை காட்டுது. ஐட்லிங்ல டர்போ சரியா சுத்தாது, பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்) இருக்காது, அப்ப சீல் ரிங்கை தாண்டி ஆயில் கசிஞ்சு பைப்புலயும் சைலன்சர்லயும் தேங்கி நிக்கும், ஆக்சிலேட்டர் குடுத்ததும் மொத்தமா எரிஞ்சு வெளிய வரும். ஆனா லோடுல வர்ற கறுப்பு நீலத்தை மறைச்சுடும், அதனால ரிங் நல்லா இருக்குன்னும் இதை வச்சு முடிவு பண்ணிடாதீங்க.

டர்போவுல இருந்து இன்டர்கூலருக்கு போற ஹோஸை கழட்டி உள்ள விரலை விட்டு பாருங்க. லேசா எண்ணெய் பசை இருக்கிறது சகஜம், பிரீத்தர் இன்டேக்கோட சேர்ந்த வண்டின்னா கட்டாயம் இருக்கும். ஆயில் குட்டையா தேங்கி நின்னா தான் கேஸ். அப்புறம் டர்போ ஷாஃப்டை பிடிச்சு ஆட்டுங்க, பக்கவாட்டுல கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அதுல பயம் இல்லை, முன்னும் பின்னும் இழுத்தா கையில தெரியுற அளவுக்கு ஆட்டம் இருக்கக் கூடாது, வீல் ஹவுசிங்ல உரசக் கூடாது.

டர்போவை இறக்குனா ஒரு பெரிய சாட்சி கிடைக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு உள்ள டார்ச் அடிச்சு பாருங்க, மேனிஃபோல்டு காஞ்சு சாம்பல் நிறமா இருந்து டர்போவோட சைலன்சர் பக்க வாய் மட்டும் ஈரமா இருந்தா டர்போ தான் திருடன். மேனிஃபோல்டே ஈரம்னா எஞ்சின்ல இருந்து வருது, எந்த போர்ட்டு ஈரமோ அந்த சிலிண்டர். இதுக்கு ஹெட்டை கழட்ட வேண்டாம், அரை நாள் வேலை.

இன்னொன்னு, டர்போ ஆயில் அடிச்சா டர்போ கெட்டுப்போச்சுன்னு உடனே அர்த்தம் இல்லை. கீழ இறங்குற ரிட்டர்ன் பைப் கரி பிடிச்சு அடைச்சிருந்தாலும், ஏர் ஃபில்டர் அடைச்சு உள்ள இழுவை ஏறினாலும், பேக் கம்ப்ரஷன் ஜாஸ்தியா இருந்து ஆயில் இறங்க விடாம செஞ்சாலும் புது டர்போ கூட அடிக்கும்.

டிரைவர்_அண்ணாச்சி:

தம்பி பிரேக் ஏர் டேங்க்கை வடிச்சு பார்த்தீங்களா? நான் அதைத் தான் முதல்ல கேட்பேன், ஏன்னா காசு செலவே இல்லாத டெஸ்ட். அடியில இருக்கிற வடி குழாயை திறந்தா வெறும் தண்ணி வரணும், கொஞ்சம் எண்ணெய் மினுமினுப்பு இருந்தாலும் பரவாயில்ல, கறுப்பு கஞ்சியா ஆயில் வந்தா கம்ப்ரஸர் பிஸ்டன் ரிங் போச்சு. 1000க்கு 3 லிட்டர் போகுதுன்னா எல்லாம் புகையா போச்சுன்னு நினைக்காதீங்க, ஏர் டிரையர் வாய்லயும் போகும், பிரீத்தர்லயும் போகும். பிரேக் லைன்ல ஆயில் போனா வால்வு ரப்பர் எல்லாம் ஊறி கெடும், தொப்பூர் இறக்கத்துல அது விளையாட்டு இல்லை, அதனால புகைக்காக இல்லேன்னாலும் இதை இன்னைக்கே பாருங்க.

பிரீத்தரையும் கவனிங்க. ஏர் ஃபுல்லாகி, கம்ப்ரஸர் அடிக்கிறதை நிறுத்துற கவர்னர் கட் ஆனதும் பிரீத்தர் தள்ளுறது குறைஞ்சா அந்த பேக் கம்ப்ரஷன்ல கம்ப்ரஸருக்கும் பங்கு இருக்கு. எஞ்சினை மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

பம்புரூம்_கரூர்:

கறுப்பும் வெள்ளையும் என் ஏரியா, அதை மட்டும் சொல்றேன். கறுப்புன்னா டீசல் ஜாஸ்தி இல்ல காத்து கம்மி. முதல்ல ஏர் ஃபில்டர், அடுத்து இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப் எங்காவது பூஸ்ட் லீக் ஆகுதா, அப்புறம் தான் டீசல் தெளிக்கிற நாசிலும் பம்பு காலிபரேஷனும். பிக்கப் கம்மியா இருக்குன்னு யாராச்சும் பம்புல டீசல் ஏத்தி விட்டிருந்தா அதையும் சொல்லுங்க.

காலையில வர்ற வெள்ளை கண்ணு எரியுற டீசல் வாடையா இருந்தா எரியாத டீசல், நாசில் சொட்டலாம், டைமிங் பின்னாடி இருக்கலாம், கம்ப்ரஷன் கம்மியா இருக்கலாம். தண்ணி குறையலன்னு சொல்றீங்க, அப்ப ஹெட் கேஸ்கெட் பயம் குறைவு. ஆயில் கேஜ் கம்பியை மோந்து பாருங்க, டீசல் வாடை அடிச்சு ஆயில் தண்ணியா இருந்தா அந்த ஆயில் ரிங்கை சீக்கிரம் தாண்டும், அதுக்கு காரணம் நாசிலோ ஃபீட் பம்போ. எஃப்சி விஷயத்துல, பிஎஸ்4க்கு முந்தின டீசல் வண்டிக்கு புகை டெஸ்ட்ல 65 எச்எஸ்யூ (புகை அடர்த்தி அளவு) தான் லிமிட், நாசில் செட் பண்ணி ஃபில்டர் மாத்துனாலே கறுப்பு நிறைய இறங்கும்.

ஈரோடு_ரோடுகிங்:

ப்ரோ இவ்வளவு எதுக்கு, 20டபிள்யூ50 கெட்டி ஆயில் ஊத்திட்டு கூட ஒரு ஆயில் டிரீட்மெண்ட் டப்பா ஊத்துங்க, பக்கத்து ஊர்ல ஒருத்தரு அப்படித் தான் ஓட்டுறாரு, எஃப்சி பாஸ் ஆகி வித்துடலாம்.

நாமக்கல்_லைனர்:

வேண்டாம் தம்பி. கெட்டி ஆயில்ல புகை கொஞ்ச நாளைக்கு குறைஞ்ச மாதிரி தெரியும், காலையில குளிர்ல டர்போவுக்கும் மேல ராக்கருக்கும் ஆயில் ஏற லேட் ஆகும், டர்போ புஷ் போயிடும். எஞ்சின் புக்குல போட்டிருக்கிற கிரேடு, பெரும்பாலும் 15டபிள்யூ40, அதையே ஊத்துங்க. கேஜ்ல மேல் கோட்டை தாண்டி ஊத்தாதீங்க, ஜாஸ்தி ஆனாலும் கிராங்க் அடிச்சு நுரைச்சு பிரீத்தர்ல போயிடும். விக்கிறதுக்கு புகையை மறைக்கிறது இன்னொரு ஓனர் வயித்துல அடிக்கிறது, அதை நான் சொல்லவே மாட்டேன்.

குவாரி வண்டிங்கிறதால ஒண்ணு முக்கியமா சொல்லணும். ஏர் ஃபில்டர்ல இருந்து டர்போவுக்கு வர்ற பைப்பு உள்ள வெள்ளைத் துணியால துடைங்க. அங்க ஒரு பொட்டு தூசி இருக்கக் கூடாது. துணியில மாவு மாதிரி ஒட்டுச்சுன்னா ரப்பர் கிழிஞ்சிருக்கு, இல்ல கிளாம்ப் லூஸ், இல்ல ஃபில்டர் சரியா உக்காரல. ஜல்லித்தூள் உள்ள போனா மேல் ரிங்கும் லைனரும் உப்புத்தாள் போட்ட மாதிரி தேயும். இதை சரி பண்ணாம புது கிட் போட்டா அதுவும் சில மாசத்துல அதே கதி, பணம் போட்டும் புகை நிக்கலன்னு சொல்றவங்கள்ல இந்த கேஸ் நிறைய.

சங்ககிரி_பத்துவீல்:

அண்ணா எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பார்த்தேன். ஏர் டேங்க்ல கறுப்பு ஆயில் நிறைய வந்துச்சு, பார்த்து அதிர்ச்சி ஆயிட்டேன். கவர்னர் கட் ஆகுறப்ப பிரீத்தர் குறையுது, ஆனா முழுசா நிக்கல. டர்போ ஹோஸ்ல பசை இருக்கு, குட்டை இல்லை, ஷாஃப்ட் முன்னபின்ன ஆட்டம் தெரியல. ஃபில்டர் பைப்புல ஒரு வளைவு அடியில ரப்பர் வெடிச்சு துணியில தூசி ஒட்டுதுங்க. கேஜ்ல டீசல் வாடை இல்லை. இப்ப எதை முதல்ல செய்யணும்?

நாமக்கல்_லைனர்:

அந்த ரப்பர் பைப்பை மாத்தாம வண்டியை குவாரிக்கு அனுப்பாதீங்க. அடுத்து கம்ப்ரஸரை கழட்டி ரிங் கிட் போடுங்க, அதுல இருந்து டேங்க்குக்கு போற பைப்பை கரி எடுங்க, அது அடைச்சா புது கம்ப்ரஸரும் சூடாகி ஆயில் தள்ளும். டேங்க் எல்லாத்தையும் வடிச்சு ஏர் டிரையர் காட்ரிட்ஜை மாத்துங்க. அந்த சமயத்துலயே டர்போ ரிட்டர்ன் பைப்பை கழட்டி சுத்தம் பண்ணி மேனிஃபோல்டையும் டார்ச் அடிச்சு பார்த்துடுங்க.

பிறகு ஆயில் ஃபில்டர் மாத்தி மேல் கோடு வரைக்கும் ஊத்தி, சமதளத்துல நிறுத்தி, எஞ்சின் ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் கழிச்சு அளந்து, ஒரு நோட்டுல எழுதி ஓட்டுங்க. உங்க வண்டிக்கு 1000 கிலோமீட்டருக்கு 280 லிட்டர் போல டீசல் ஆகும், 3 லிட்டர் ஆயில்னா டீசல்ல 1 சதவீதம் கிட்ட வருது, அது அதிகம். ஒரு லிட்டருக்குள்ள இறங்குச்சுன்னா எஞ்சினை தொடாம ஓட்டலாம். இறங்கலன்னா ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் கேஜ் வச்சு பார்க்க சொல்லுங்க, ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் கீழ கிடக்குதா எல்லாமே இறங்கியிருக்கான்னு தெரியணும். யாராச்சும் சிலிண்டர்ல ஆயில் ஊத்தி டெஸ்ட் பண்ணலாம்னு சொன்னா வேண்டாம்னுடுங்க, அது பெட்ரோல் எஞ்சினுக்கு, டீசல்ல இடம் கம்மிங்கிறதால ஆயிலே கம்ப்ரஷனை ஏத்திக் காட்டி ஏமாத்தும்.

அப்புறமும் இறக்குற நிலைமை வந்தா, ரிங் மட்டும் போட்டு மூடிடலாம்னு ஒத்துக்காதீங்க. தேஞ்ச லைனர்ல புது ரிங் உக்காராது. லைனரோட சேர்த்து போடுங்க, ஹெட்டை லேத்துக்கு குடுத்து கைடும் பாருங்க, கட்டுன பிறகு மணிக்கணக்கா ஐட்லிங்ல விடாம மிதமான லோடு போட்டு ஓட்டுங்க.

கம்ப்ரஸர் வேலை முடிஞ்சதும் ஆயில் கணக்கை இங்கயே போடுங்க தம்பி, பார்த்துட்டு சொல்றேன்.