மாநில அதிகாரிகள் மீது ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் வழக்குத் தொடுக்கலாமா?

தாமரைக்குளம்:
அமெரிக்காவில் வசிக்கும் என் அக்காவின் தொழில் உரிமத்தை மாநில அதிகாரிகள் விசாரணையின்றி ரத்து செய்துவிட்டார்கள். வழக்கறிஞர் கேட்கும் முன்பணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அரசியலமைப்பு உரிமைகளை மீறும் மாநில அதிகாரிகள் மீது வழக்குத் தொடுக்க இடம்தரும், 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த 1983-ஆம் பிரிவின்கீழ் அவரே ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாமா?

வடகரையான்:
தாராளமாகத் தொடுக்கலாம். தன் வழக்கைத் தானே நடத்தும் உரிமையை ஃபெடரல் சட்டமே தருகிறது. கட்டணம் 405 டாலர். இயலாதவர் வருமான விவரம் காட்டி விலக்குக் கேட்கலாம். வழக்கறிஞர் இல்லாதவரின் மனுவில் சட்ட நடையின் கறாரை எதிர்பார்க்கக் கூடாது என்று 1972-இல் ஹெயின்ஸ் எதிர் கெர்னர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது; அந்த மனுவை எழுதியவர் ஒரு சிறைக்கைதி.

தென்றல்மகள்:
வடகரையார் சொல்வது பாதிதான். மனுவில் இல்லாத உண்மைகளை நீதிபதி இட்டு நிரப்பமாட்டார். 2009-இல் வந்த இக்பால் தீர்ப்புக்குப் பின், எந்த அதிகாரி என்ன செய்தார் என்று தனித்தனியே எழுதாத மனுக்கள் தொடக்கத்திலேயே தள்ளுபடியாகின்றன. நீதிமன்ற மாதிரிப் படிவத்தில் ஒவ்வொரு பிரதிவாதியின் விவரத்துக்கும் கீழே இரண்டு சிறு கட்டங்கள் இருக்கும்: ஒன்று தனிப்பட்ட நிலை (அதிகாரியைத் தனிமனிதராக வழக்கில் சேர்ப்பது), மற்றது பதவி நிலை (அவர் வகிக்கும் பதவியின் பேரில் சேர்ப்பது). பதவி நிலையை மட்டும் குறித்தால் நஷ்டஈடாக ஒரு டாலரும் கிடைக்காது. 1908-ஆம் ஆண்டின் யங் தீர்ப்பைப் பற்றிக்கொண்டு, இனிமேல் சட்டப்படி நடக்குமாறு உத்தரவு மட்டுமே கேட்க முடியும். தனிப்பட்ட நிலையைக் குறித்தாலோ, மீறப்பட்ட உரிமை அப்போதே ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றிருந்தது என்று காட்டாதவரை, அதிகாரிகளுக்குள்ள சட்டப் பாதுகாப்பு அவர்களைக் காத்துவிடும். இவற்றை அறியாத ஒருவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை.

வடகரையான்:
இரண்டு கட்டங்களையும் குறிக்கத் தடையில்லையே, சகோதரி. ஓட்டுநர் உரிமத்தைக்கூட உரிய விசாரணையின்றி நிறுத்திவைக்கக் கூடாது என்று 1971-இலேயே பெல் எதிர் பர்சன் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. பிழைப்புக்கான உரிமத்தில் இனி என்ன ஐயம்? காத்திருந்தால்தான் ஆபத்து: கலிபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் 2 ஆண்டுகள், நியூயார்க்கில் 3 ஆண்டுகள் என்று வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

தென்றல்மகள்:
காலவரம்பைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ரத்துக் கடிதத்திலேயே விசாரணை கோர ஒரு கெடு கொடுக்கப்பட்டு, அக்கா அதைத் தவறவிட்டிருந்தால், "வாய்ப்பிருந்தும் பயன்படுத்தவில்லை" என்பதே எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். முதலில் அந்தக் கடிதத்தை முழுதும் படியுங்கள். சட்டக் கல்லூரிகள் நடத்தும் இலவச உதவி மையத்தில் ஒருவரிடமாவது அதைக் காட்டுங்கள்.

தாமரைக்குளம்:
கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஏதோ ஒரு தேதி இருந்ததாக அக்கா சொன்னார். இன்றிரவே அதை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.