திருச்சியில் இரண்டு நாள்: மதுரைக்காரனின் வயிற்றெரிச்சலும் ஒரு சந்தேகமும்

சிம்மக்கல்காரன்:
போன ஆகஸ்டில் மச்சினன் வீட்டு வளைகாப்புக்காக இரண்டு நாள் திருச்சியில் இருந்தேன். நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் இத்தனை வருடமும் சென்னை போகிற வழியில் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் வாயடைத்துப் போனேன். கரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர். நான் வைகைக்குள் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன்!

அப்புறம் அந்தச் சித்திரை வீதி. எங்கள் ஊரிலும் அதே பெயரில் உண்டு, ஆனால் கோயில் மதிலுக்கு வெளியே. ஸ்ரீரங்கத்தில் மதிலுக்குள்ளேயே வீடு, கோலம், காய்கறி வண்டி, ட்யூஷன் போர்டு. செருப்பை எங்கே கழற்றுவது என்று புரியாமல் நின்றேன். ஒரு பாட்டி சிரித்துவிட்டு, "இன்னும் உள்ளே போகணும்ப்பா" என்றார்.

குறை ஒன்றுதான். ராத்திரி பதினொன்றரைக்குப் பசித்தது. நான் போய் நின்ற இரண்டு கடையிலும் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் அந்த நேரத்தில்தான் கறிதோசைக்குக் கூட்டம் சேரும்.

சரி, சந்தேகம் இதுதான். அம்மாவுக்கும் அந்த ஆற்றைக் காட்ட வேண்டும். முழங்கால் வலி, மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படி ஆகாது. எந்த மாதம் வரலாம், எங்கே கூட்டிப்போகலாம்?

உறையூர் வாசி:
அண்ணே, நீங்கள் பார்த்தது மேட்டூர் திறந்திருந்த நேரம். ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். ஏப்ரலில் வந்தால் எங்கள் காவிரியிலும் கிரிக்கெட்தான். அம்மாவை ஆடி, ஆவணியில் கூட்டி வாருங்கள். ரயிலே நல்லது. பஸ்ஸில் வந்தால் பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும், முழங்காலுக்கு அது தண்டனை. வைகை எக்ஸ்பிரஸ் பிடியுங்கள். அந்த வைகையாவது வருடம் முழுக்க ஓடுகிறது.

ஆனைக்கா அகிலா:
படியே வேண்டாம் என்றால் திருவானைக்காவல். உச்சிக்காலப் பூஜைக்கு முன்பே போய்விடுங்கள். அர்ச்சகர் சேலை உடுத்தி, அம்பாளாகவே சுவாமி சன்னதிக்கு வருவார். என் மாமியார் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை பார்ப்பதுபோலக் கண் கலங்குவார். பிரகாரம் நீளம்தான், நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். அப்படியே பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட். பதினொன்றரை மணிப் பசிக்கு எங்களிடம் மருந்து இல்லை, நாங்கள் தூங்குகிற ஜாதி.

மாசி வீதி மைனர்:
சிம்மக்கல் அண்ணே, ரொம்பப் பொறாமைப்படாதீர்கள். திருமலை நாயக்கர் தலைநகரத்தைத் திருச்சியிலிருந்து நம் ஊருக்குத்தான் தூக்கி வந்தார்.

உறையூர் வாசி:
பேரன் சொக்கநாதர் திரும்ப இங்கேயே கொண்டுவந்துவிட்டாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ராணி மங்கம்மாள் ஆண்டதும் இங்கிருந்துதான்.

சிம்மக்கல்காரன்:
மங்கம்மாளை விட்டுத் தர மாட்டோம், தமுக்கம் அரண்மனை எங்களிடம் இருக்கிறது. அகிலா அக்கா, ரொம்ப நன்றி. ஆவணியில் முதல் வாரம் டிக்கெட் போடுகிறேன்.

உறையூர் தம்பி, ஏப்ரலில் மணல் என்கிறீர்கள். சித்திரையில் அழகர் இறங்க வைகை அணையைத் திறந்துவிடுவார்கள். அந்த நாலு நாள் நீங்கள் இங்கே வாருங்கள், ஆற்றில் தண்ணீர் காட்டுகிறேன். சாப்பாடு ராத்திரி ரெண்டு மணிக்கு.