"சவலைப் பிள்ளை இருக்கா?"

2019-ல் ஜவ்வாது மலையில் ஒரு கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். உடல் மிகவும் மெலிந்த பிள்ளைகளுக்கான சிகிச்சை உண்மையில் எத்தனை பேருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்க்கணும். பதிவேட்டைப் புரட்டினால் வந்தவர்கள்தான் தெரிவார்கள். எனக்கு வேண்டியதோ வராத பிள்ளை. அதை வீடு வீடாகத்தான் தேடணும்.

"ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தை இருக்கா?" என்று இரண்டு நாள் கேட்டேன். எல்லாரும் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு பாட்டி, "சவலைப் பிள்ளையான்னு கேளும்மா" என்றார். அப்படிக் கேட்டதும் நாலு வீட்டைக் கை காட்டினார்கள். நாலில் ஒரு பிள்ளைதான் சிகிச்சையில் இருந்தது.

ஒரு வீட்டில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் மெலிவை அளக்கும் வண்ண டேப்பைச் சுற்றினேன். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடுமையான மெலிவு. 10.8 காட்டியது. பாதத்தை அழுத்திப் பார்த்தேன், வீக்கம் இல்லை. "தோஷம்னு மூணு தடவ மந்திரிச்சாச்சு" என்றார் அம்மா. பிள்ளையை அம்மாவோடு தங்கவைத்துத் தேற்றும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்; அரிசிப் பானைக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். "பதினாலு நாள் நான் அங்க கெடந்தா இதுங்களுக்கு யாரு கஞ்சி காய்ச்சுவா?" மூத்த மூன்றும் வாசலில் நின்றன. அப்பா கேரளாவில் கூலி வேலையில். அந்த அம்மாவுக்கு அக்கறை இல்லை என்று எழுதிவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. பசி எடுத்துச் சாப்பிடுகிற, வேறு நோய் இல்லாத பிள்ளையை வீட்டில் வைத்தே தேற்றலாமே!

*

அக்கா, நீங்கள் ஜவ்வாது மலை பற்றி எழுதியதைப் படித்தேன். நான் அங்கன்வாடிப் பணியாளர். மையத்துக்கு வருவது இரண்டு வயதுக்கு மேல் உள்ளவர்கள்தான். அதற்குக் கீழே உள்ளவர்கள்தான் அதிகம் தளர்ந்துபோவது. அவர்களுக்குச் சத்துமாவு வீட்டுக்குப் போகும். கையைப் பிடித்து அளக்க நாமதான் போகணும்.

2022-ல் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் வந்த பிறகு, கடுமையாக மெலிந்த பிள்ளைகளுக்குச் சத்துப் பசை பாக்கெட் கொடுக்கிறோம். எடை ஏறவில்லையே என்று ஒரு வீட்டுக்குத் திடீரெனப் போனேன். ஒரே பாக்கெட்டை நாலு பிள்ளைகள் விரலால் வழித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. மற்ற மூன்றும் பார்த்துக்கொண்டிருக்க ஒன்றுக்கு மட்டும் எப்படி ஊட்டுவார்? இப்போது அந்த வீட்டுக்குப் போகும்போது மூத்தவர்களுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக் கொண்டுபோகிறேன். அவர்கள் தின்று முடிக்கும்வரை சின்னதை மடியில் வைத்து நானே ஊட்டுகிறேன்.