நைட்ரேட் காட்சிக்கு எவ்வளவு முன்னாடி வரிசையில நிக்கணும்?

ஹாலிவுட்ல டிசிஎம்ங்கிற பழைய படங்களுக்கான அமெரிக்க டிவி சேனல் நடத்துற டிசிஎம் கிளாசிக் திரைப்பட விழாவுக்குப் போனவங்க யாராவது வழி சொல்லுங்க.

1922-ல திறந்த எகிப்தியன் தியேட்டர்ல நைட்ரேட் பிரிண்ட், அதாவது செல்லுலோஸ் நைட்ரேட்ங்கிற பழைய காலத்து ஃபிலிம்ல இருக்கிற படப் பிரதி, பார்க்கணும், அதுதான் முக்கியம். அந்த ஃபிலிம் தீப்பிடிச்சா ஆக்சிஜனைத் தன்னிலிருந்தே வெளியிடும், தண்ணீருக்குள்ளயும் எரியும். அதனால புரொஜக்டர் அறையையே தீத்தடுப்போட கட்டணும். அப்படிப்பட்ட அரங்கு அமெரிக்காவிலேயே ரொம்பக் குறைவு. கறுப்பு வெள்ளையில அது தர்ற மினுமினுப்பு டிஜிட்டல்ல வரவே வராது.

எகிப்தியன்ல இருக்கை 516தான். விழா பாஸ் இருந்தாலும் முந்தினவங்களுக்குத்தான் இடம். விழாவோட இன்னொரு அரங்கான, 932 இருக்கை உள்ள சைனீஸ் தியேட்டர்ல படம் முடிஞ்சதும் நடந்து வந்தா உள்ளே போக முடியுமா, இல்ல முந்தைய காட்சியை விட்டுடணுமா? பாஸ் இல்லாம ஸ்டாண்ட்பை டிக்கெட்ல (பாஸ்காரங்க போன பிறகு இடம் மிஞ்சினா கிடைக்கிறது) நைட்ரேட் காட்சி பார்த்தவங்க உண்டா? எந்த வரிசையில உட்காரலாம்?