சாக்ஸைக் கழற்றினால்தான் தெரியும்: சர்க்கரை நோயும் காலும், நம் அனுபவங்கள்

கிளினிக் செவிலியர்

சர்க்கரை நோய்க்காக வருபவர்களுக்கு எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு எல்லாம் தவறாமல் பார்த்துவிடுகிறோம். காலை மட்டும், அவர்களே வலிக்கிறது என்று சொன்னால்தான் பார்ப்பது பல இடங்களில் வழக்கம். ஆனால் கால் மரத்துப்போனவருக்கு வலியே தெரியாது. நரம்பு பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் வரை எரிச்சல், குத்தல், மதமதப்பு எதையும் உணர்வதில்லை. "காலில் ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லை சிஸ்டர்" என்பார்கள். அவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

அதனால் டாக்டர் அறைக்குள் போகும் முன்பே ஷூ, சாக்ஸ் இரண்டையும் கழற்றி உட்கார வைக்கிறோம். எதிரே ஒருவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தால், எவ்வளவு அவசரத்திலும் டாக்டரின் கண் காலுக்குப் போகத்தான் செய்யும்.

மாத்திரை வாங்க மட்டும் வந்த ஒரு பெரியவர். சர்க்கரை ஓரளவு கட்டுப்பாட்டில்தான் இருந்தது. சாக்ஸைக் கழற்றியபோது அதன் அடிப்பக்கத்தில் நகத்தளவு பழுப்புக் கறை. கட்டைவிரலுக்குக் கீழே, பாதம் தரையில் ஊன்றும் இடத்தில் தடித்த காய்ப்பு; அதன் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி. காய்ப்புக்குள் இப்படி ரத்தம் கட்டியிருந்தால் அடியில் தோல் சிதைகிறது என்று அர்த்தம். டாக்டர் காய்ப்பைச் சீவி எடுத்ததும் உள்ளே புண் இருந்தது. அப்புறம் அவருடைய ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளட்டையின் ஓரம் சுருண்டு, காய்ந்து, கத்தி முனை போல நின்றது. அதை மிதித்துக்கொண்டேதான் அவர் தினமும் நடைப்பயிற்சி போயிருக்கிறார். "எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா" என்று ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கருவி எதுவும் இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு: நோயாளி கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தடவவோ கூடாது. தொட்டதும் அவரே சொல்லட்டும். "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே தொட்டால் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்றுதான் வரும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவான முறை இது, 2011இல் வெளியிட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

குடும்ப மருத்துவர்

சிஸ்டர் சொன்னதோடு இன்னும் கொஞ்சம். 10 கிராம் மோனோஃபிலமென்ட் (10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை) இருந்தால் கட்டைவிரலின் அடிப்பக்கத்திலும், கட்டைவிரல், சுண்டுவிரல் இரண்டுக்கும் கீழே பாதம் ஊன்றும் இடங்களிலும் அது வளையும் வரை அழுத்திப் பாருங்கள். காய்ப்பின் மேல் வைக்காதீர்கள், அங்கே எப்படியும் தெரியாது. முதலில் கையில் தொட்டுக் காட்டிவிட்டால் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று அவருக்குப் புரியும். கூடவே பாதத்தின் மேல்பக்கமும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடித் துடிப்பு. இது முக்கியம், ரத்த ஓட்டம் இல்லாத காலில் புண் ஆறாது.

நாடி நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடவும் முடியாது. என்னிடம் வந்த ஒரு அம்மாவின் பாதம் வெதுவெதுப்பாக இருந்தது, நாடி கணீரென்று அடித்தது. பார்வைக்கு ஆரோக்கியமான கால். ஆனால் தோல் வறண்டு குதிகாலில் ஆழமான வெடிப்புகள், மோனோஃபிலமென்ட் எங்கேயும் தெரியவில்லை. வியர்வையையும் ரத்தக் குழாய்களையும் கட்டுப்படுத்தும் நரம்புகள் கெட்டால் கால் இப்படித்தான் இருக்கும். குளிருக்கு இதமாக வெந்நீர்ப் பை வைத்துக்கொள்வாராம். பாதத்தின் ஓரத்தில் பெரிய கொப்புளம். விழித்திரை பாதிப்பால் பார்வையும் மங்கல், அவரால் பார்த்திருக்கவே முடியாது. கொப்புளத்தைக் கண்டது கூட வந்த மருமகள். அன்றிலிருந்து இரவில் மாமியாரின் பாதத்தைப் பார்ப்பது அவர் வேலை.

பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தபோது, அவர்களின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் படும் காயங்களே காரணம் என்று கண்டவர். பிறகு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணிபுரிந்தபோது அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பொருத்திக் காட்டினார்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்ப்பது? உணர்வும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை போதும். இரண்டில் ஒன்று குறைந்தால் 6 முதல் 12 மாதம். இரண்டும் குறைந்தாலோ, ஒன்று குறைந்து பாதத்தின் வடிவமும் மாறியிருந்தாலோ 3 முதல் 6 மாதம். உணர்விலோ ரத்த ஓட்டத்திலோ குறைபாடு இருப்பதோடு, முன்பு புண் வந்தவர், விரலையோ காலையோ இழந்தவர், சிறுநீரகம் செயலிழந்தவர் என்றால் 1 முதல் 3 மாதம்.

ஒரு நோயாளியின் மகள்

அப்பாவுக்கு ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தது. ஓர் இடத்தில் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், முடிந்ததும் மறுபடி கொடுத்தார்கள். குறையவே இல்லை. காய்ச்சல் கிடையாது, காயமும் கிடையாது. அப்பா அதோடு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்ப டாக்டர் இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், பிறகு தோலின் வெப்பத்தை அளந்தார். இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம். "இனிமேல் இந்தக் காலை ஊன்றவே கூடாது" என்று சொல்லி அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். ஷார்கோ பாதம். உணர்வில்லாத காலில் எலும்பும் மூட்டும் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டே போகும் நிலை. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாமாம். முழங்கால் வரை மாவுக்கட்டு, மாதக்கணக்கில். "வலியே இல்லாத காலுக்கு எதுக்கும்மா கட்டு?" என்று தினமும் சண்டை. பாத வளைவு கொஞ்சம் இறங்கிவிட்டது, ஆனால் அளவெடுத்துச் செய்த ஷூவில் நடக்கிறார். சர்க்கரை உள்ளவருக்கு ஒரு கால் மட்டும் சூடாக வீங்கினால், வலி இல்லை என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

சர்க்கரையோடு வாழ்பவர்

எனக்குப் புண் ஆறிவிட்டது. இனி கவலை இல்லை என்று நினைத்திருந்தேன். ஆறியவர்களில் 100க்கு 40 பேருக்கு ஒரே வருடத்துக்குள் திரும்ப வருகிறது என்று டாக்டர் சொன்னது தூக்கிவாரிப் போட்டது. இப்போது தினமும் தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். போடும் முன் ஷூவுக்குள் கை விடுகிறேன். வீட்டுக்குள்ளும் செருப்பு. விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தி, கிரீமை அங்கே மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களில் தடவுகிறேன். கால் ஆணிக்கு மருந்து வைத்த பிளாஸ்டர் ஒட்டுவதை அறவே விட்டாச்சு, அது நல்ல தோலையும் அரித்துவிடும்.

ஒரு கேள்வி சிஸ்டர்: புதிதாகப் புண் தெரிந்தால் அடுத்த செக்கப் வரை பொறுக்கலாமா?

கிளினிக் செவிலியர்

பொறுக்க வேண்டாம் ஐயா. சின்னதாக இருந்தாலும் அன்றே வந்து காட்டுங்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு சொல்வதன்படி, இப்படிப்பட்ட புண்ணை ஒரு வேலை நாளுக்குள் கால் சிகிச்சைக் குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும். காய்ச்சலோடு புண், கறுத்துப்போன விரல் என்றால் அதுவரைகூட இல்லை, உடனே மருத்துவமனை. வரும்போது நடந்து வராதீர்கள், வண்டியில் வாருங்கள். வழக்கமாகப் போடும் ஷூவையும் கொண்டுவாருங்கள், உள்ளே பார்க்க வேண்டும்.