சிக்குன்குனியா வந்தபின் 21 கி.மீ. ஓடலாமா? கோவை மாரத்தானுக்கு இன்னும் ஒன்றரை மாதம்கூட இல்லை

கணபதிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கோவை மாரத்தானில் 21.1 கி.மீ.க்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வயது 43. கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. போன வருடம் 10 கி.மீ. ஓடி முடித்தேன். இந்த வருடம் அதைவிடப் பெரிதாகச் செய்ய ஆசைப்பட்டேன்.

காற்றுக்காலம் ஆரம்பித்ததும் பயிற்சியைத் தொடங்கினேன். ஆடியில் குதிகால் வலி வந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி ஏறுவது போல இருக்கும், நாலு அடி நடந்தால் குறையும். பிளாண்டர் ஃபேஸியைட்டிஸ் (உள்ளங்கால் தசைநார் வலி) என்றார் டாக்டர். அதைச் சரிபண்ணிக்கொண்டு, ரேஸ்கோர்ஸில் ஐந்து சுற்று நிற்காமல் ஓடும் அளவுக்கு வந்துவிட்டேன். அப்புறம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் சிக்குன்குனியா. காய்ச்சல் சில நாளில் போய்விட்டது, மூட்டு வலி மட்டும் போகவில்லை. விடிந்து எழுந்தால் விரல்கள் மடங்காது. குக்கர் மூடியைத் திறக்க மகனைக் கூப்பிடுகிறேன். கணுக்கால் பத்து மணிக்கு மேல்தான் இளகுகிறது. மாலையில் கிட்டத்தட்ட நன்றாகவே இருக்கிறேன்.

எதற்காக ஓடுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். 2013இல் இந்த ஓட்டம் ஆரம்பித்ததிலிருந்தே திரளும் நிதி கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்குத்தான் போகிறது. என் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய். கட்டி தென்பட்டு ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. "இதை எப்படி கண்ணு வெளியே சொல்றது" என்றுதான் என்னிடமே கேட்டார். வலி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தை இப்போது இல்லை. எங்கள் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) சுற்றும் வைண்டிங் பிரிவில் பெண்கள் நிறைய. அவர்களும் அப்படி மறைத்துவிடக் கூடாது என்றுதான் கேன்டீனில் வைத்துப் பேசி, ஓடப்போகிறேன் என்று சொன்னேன். ஆளாளுக்குக் கிலோமீட்டருக்குப் பத்து, ஐம்பது என்று எழுதிக் கொடுத்தார்கள். மேனேஜர் 500 எழுதினார்.

இப்போது 10 கி.மீ.க்கு மாறினால் அந்தத் தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு 21ஐ ஓடிவிடலாமா? இல்லை, இந்த வருடம் ஒதுங்கிவிடுவதுதான் சரியா? சிக்குன்குனியாவுக்குப் பிறகு ஓடியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வடவள்ளி பிசியோ:

அக்கா, முதலில் மாத்திரை விஷயம். வலி மாத்திரை போட்டுவிட்டு நீண்ட தூரம் ஓடவே வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதோடு, எங்கே நிறுத்த வேண்டும் என்று உடம்பு சொல்வதையும் மாத்திரை மறைத்துவிடும்.

சிக்குன்குனியா மூட்டு வலி சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். யாருக்கு எப்போது விடும் என்று தேதி போட்டுச் சொல்ல முடியாது. காலையில் இறுக்கம், மாலையில் இளக்கம் என்பது இதில் வழக்கமானதுதான். ஆனால் மூட்டு வீங்கியிருந்தாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ ஓட்டத்தை மறந்துவிட்டு மூட்டு வாத மருத்துவரைப் பாருங்கள். மறுபடி காய்ச்சல் லேசாக எட்டிப் பார்த்தாலும் ஓடக் கூடாது. வைரஸ் காய்ச்சலோடு ஓடினால் இதயத் தசையில் அழற்சி வரும் அபாயம் உண்டு.

வீக்கம் இல்லை என்றால் இப்படிப் போங்கள். விடியற்காலை ஓட்டத்தை மாலைக்கு மாற்றுங்கள், உங்கள் உடம்பு அப்போதுதான் ஒத்துழைக்கிறது. ஓடும் முன் அரை மணி நேரம் வேக நடை. மறுநாள் காலை வலி கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவில்லை என்றால் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பத்துக்கு மூன்று அளவு வலி இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவிலேயே தொடரலாம். வரவில்லை என்றால் ஒரு படி குறையுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் ஓட வேண்டாம். இடையில் நீச்சல், சைக்கிள் எது முடிகிறதோ அது.

குதிகாலையும் மறக்க வேண்டாம். படியின் விளிம்பில் நின்று, கால் விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நொடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு நொடி நிறுத்தி, மூன்று நொடியில் இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். கணுக்கால் இறுக்கம் இருப்பதால் முதலில் இரண்டு காலாலும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

என் கருத்தைக் கேட்டால், இந்த வருடம் 21 வேண்டாம். ஓடியும் நடந்தும் 10 என்பது, உடம்பு இப்படியே தேறி வந்தால், நடக்கக் கூடியதுதான்.

குறிச்சிக்குளம்:

அம்மணி, ஓடியும் நடந்தும் போவதைக் குறைவாக நினைக்காதீர்கள். அந்த முறையைப் பரப்பிய ஜெஃப் கேலோவே 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். எனக்கு 61 வயது, முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஓடுவதெல்லாம் அப்படித்தான்.

பணம் பற்றிச் சொல்கிறேன். டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடாப் பையன், எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்தவன். 1980இல் செயற்கைக் காலோடு நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடக் கிளம்பினான். நாளுக்கு ஒரு மாரத்தான் அளவு. 143 நாளில் 5,373 கி.மீ. ஓடியபோது நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து, பாதியைத் தாண்டிய இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. நிதி பெரும்பகுதி வந்தது அதற்குப் பிறகுதான். 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலரைத் தாண்டியது. அதே வருடம் ஜூனில் 22 வயதில் இறந்துபோனான். அவன் பெயரில் நம்ம சென்னையிலும் ஓட்டம் நடந்திருக்கிறது. நின்றுவிட்டான் என்று யாரும் பணத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் கேன்டீன் ஆட்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். "21க்கு எழுதினீர்கள், உடம்பு இப்படி, 10தான் போகிறேன், விருப்பமிருந்தால் மொத்தத் தொகையையே கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு, நமக்காகவா கேட்கிறோம்? இன்னொன்று, பணத்தை நீங்கள் கையில் வாங்க வேண்டாம். அறக்கட்டளைக்கு நேராக அனுப்பச் சொன்னால் ரசீது கொடுத்தவர் பெயரிலேயே வரும். வரிக் கழிவு பார்ப்பவர்களுக்கு, நன்கொடைக்கான கழிவு (80ஜி என்பார்கள்) பழைய வரி முறையில் மட்டும்தான், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் கிடையாது. நீங்கள் கணக்குப் பிரிவு, இதெல்லாம் தெரிந்திருக்கும். மேனேஜருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

சிங்காநல்லூர் செவிலியர்:

அக்கா, ஓட்டம் எத்தனை கிலோமீட்டர் ஆனாலும், காயில் பிரிவுப் பெண்களில் முப்பது வயது தாண்டியவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். மார்பகம், கருப்பை வாய் இரண்டுக்கும் பரிசோதனை அங்கே இலவசம், பெண் செவிலியர்களே பார்ப்பார்கள். "வெட்கமாக இருக்கிறது" என்பவர்களை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வரச் சொல்லுங்கள். தனியாக வரத் தயங்குபவர்கள் துணைக்கு ஆள் இருந்தால் வந்துவிடுவார்கள், தினமும் பார்க்கிறேன். மார்பில் வலியில்லாத கட்டி என்றாலும் காட்ட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். வலி இல்லை என்றுதான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கணபதிக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று மதியம் கேன்டீனில் சொல்லிவிட்டேன். நான் முடிப்பதற்குள்ளேயே வைண்டிங்கில் இருக்கும் ஒரு அக்கா, "நீ நடந்தே போ கண்ணு, நான் எழுதினது எழுதினதுதான்" என்றார். பெரும்பாலானவர்கள் முழுத் தொகையே தருகிறார்கள். நாலைந்து பேர் ஒன்றும் சொல்லவில்லை, அது அவர்கள் இஷ்டம், மறுபடி கேட்க மாட்டேன். அமைப்பாளர்களுக்கு 10க்கு மாற்றித் தரச் சொல்லி மெயில் அனுப்பியிருக்கிறேன்.

செவிலியர் அக்கா, நீங்கள் சொன்னதைத்தான் முதலில் செய்யப்போகிறேன். சனிக்கிழமை அரை நாள் லீவு கேட்டிருக்கிறோம், ஆறு பேர் சேர்ந்து போகிறோம், அதில் நானும் ஒருத்தி.

பிசியோ தம்பி, கணுக்கால் வீக்கம் இல்லை. நேற்று மாலை அரை மணி நேரம் நடந்தேன், இன்று காலை வலி கூடவில்லை. ஒரு சந்தேகம்: ஓட்டம் விடியற்காலையில்தானே நடக்கும்? மாலையிலேயே பழகிவிட்டு அன்றைக்கு எப்படிச் சமாளிப்பது?

வடவள்ளி பிசியோ:

நல்ல கேள்வி அக்கா. அன்றைக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே எழுந்துவிடுங்கள். வெந்நீரில் குளித்து, வீட்டுக்குள்ளேயே கால் மணி நேரம் நடந்து, கணுக்காலை எல்லாப் பக்கமும் சுழற்றுங்கள். கடைசி இரண்டு வாரம் வாரத்தில் ஒரு நாள் மட்டும் காலையில் இதே மாதிரி செய்து பார்த்து, எவ்வளவு நேரத்தில் இளகுகிறது என்று குறித்து வையுங்கள். தொடக்கக் கோட்டில் பின்வரிசையில் நின்று முதல் இரண்டு கிலோமீட்டரை நடந்தே போங்கள்.