விடிஎஸ்எல் வேகம் தானாக இறங்கிவிட்டது: ரீசெட் கேட்கணுமா, காத்திருக்கணுமா?

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் பழைய அடுக்குமாடி, 9ஆவது மாடி; விடிஎஸ்எல், அதாவது தொலைபேசிச் செம்புக் கம்பி வழியாக வரும் இணையம். மோடம் காட்டும் சிங்க் வேகம் (லைனில் மோடம் இணைந்திருக்கும் வேகம்) 48 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 31க்கு வந்துவிட்டது. எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க லைனில் விடும் இடைவெளி) 6 டெசிபலிலிருந்து 12. இன்டர்லீவிங் (பிழையைத் திருத்தத் தரவைக் கலைத்து அனுப்பும் முறை) வேறு ஏறியதில் பிங் 8 மில்லிசெகண்ட் கூடுதல்.

லைன் அடிக்கடி அறுந்தால் இணைய நிறுவனத்தின் தானியங்கி லைன் மேலாண்மை இப்படித்தான் வேகத்தைக் குறைத்து லைனைக் காப்பாற்றும். அதைக் குறை சொல்ல முடியாது. அறுந்ததற்குக் காரணம் சுவர்ப்பெட்டிக்குள் பச்சை பூத்த செம்புக் கம்பி; நுனியை வெட்டி மறுபடி இணைத்தாயிற்று. 5 நாளாக ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை, சிஆர்சி பிழையும் (தரவு கெட்டு வருவது) அநேகமாக இல்லை. மார்ஜின் மட்டும் அசையவில்லை.

அணைத்துப் போட்டால் அதையும் துண்டிப்பாக எண்ணிவிடலாம் என்பதால் மோடத்தைத் தொடவில்லை. இன்னும் எத்தனை நாள் பொறுக்கலாம்? புரொபைல் (லைனுக்கு வைத்திருக்கும் வேக அமைப்பு) ரீசெட் கேட்டு வாங்கியவர்கள், புகாரில் என்ன எழுதினீர்கள்?